கைத்தொழிலும் ஒரு முதல்தான்
சலூன் வேலை பழகப் போகும் பிள்ளைக்கும் அவனது வாப்பாவுக்கும் சில கணக்குகள்

இரண்டு வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இரும்புக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார்.

"நானா, மகன் ஓலெவல் எழுதி முடிச்சிட்டான். சலூன் வேலை பழகப் போறானாம். நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க. எங்கட குடும்பத்துல அந்த வேலை யாரும் செஞ்சதில்ல."

புத்தி சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதே புத்தியைப் பல வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளைக்குச் சொல்லி, அவனுடைய காலத்தை வீணாக்கியவன் நான். ஆகவே நண்பருக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

நான் செய்த தவறு

என் தங்கையின் மகனுக்குக் கணக்குப் பாடம் வரவில்லை. ஆனால் கையில் நல்ல பக்குவம். வீட்டில் தம்பிமாரின் தலைமுடியை அவனே வெட்டுவான். சலூனில் நின்று பழக வேண்டும் என்று கேட்டான். நானும் மச்சானும் ஒரே குரலில் மறுத்தோம். "ஒஸ்தா வேலைக்கா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்றும் கேட்டுவிட்டேன். என் துணிக்கடையில் நிற்க வைத்தேன். இரண்டு வருடம் நின்றான். துணியும் விற்கவில்லை, தொழிலும் பழகவில்லை.

பிறகு அவனாகவே வேறு ஊர் சலூன் ஒன்றுக்குப் போனான். நாங்கள் முகம் கொடுக்காததால் அவனுக்காகப் பேச ஆளில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் மூன்று வருடம் கூட்டிப் பெருக்கி, துவாய் கழுவி, கடைசியில் முடியும் வெட்டினான். கிடைத்தது சாப்பாடும் பஸ் காசும் மட்டும். விலகியபோது கையில் ஒரு கடிதம்கூட இல்லை. பிழை அந்தக் கடைக்காரரிடம் மட்டும் இல்லை. பெரியவர்களாக நாங்கள் போய் நாலு வார்த்தை பேசியிருந்தால் அந்த மூன்று வருடத்துக்கு ஒரு பெறுமதி இருந்திருக்கும்.

ஒஸ்தா என்ற சொல்லை நாம் இளக்காரமாகச் சொல்கிறோம். அது உஸ்தாத் என்ற சொல்லிலிருந்து வந்தது. தொழில் தெரிந்தவர், ஆசான் என்பதே அதன் பொருள். பெயரில் மரியாதை இருக்கிறது, நம் வாயில்தான் இல்லை.

இது எப்படிப்பட்ட வியாபாரம்?

நாம் வியாபாரிகள். ஒரு தொழிலைக் கௌரவத்தால் அளக்காமல் கணக்கால் அளந்து பார்ப்போம்.

மனிதனின் தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. கட்டையாக வெட்டும் ஆண் மூன்று, நான்கு வாரத்தில் திரும்பி வந்தே ஆக வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 13 தடவை. என் கடையில் பெருநாளுக்குத் துணி வாங்கியவர் அடுத்த பெருநாளுக்குத்தான் வருவார்.

ஒருவரிடம் 200 நிரந்தர வாடிக்கையாளர்கள் இருந்தால் வருடத்துக்கு 2,600 தலை. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளொன்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று அதிகம். கணக்குக்காக ஒரு தலைக்கு 600 ரூபா என்று போட்டால் வருடத்துக்கு 15 இலட்சத்து 60 ஆயிரம். மாதத்துக்கு 130,000 ரூபா. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். இந்தத் தொழிலின் முதல் கதிரையும் கண்ணாடியும் அல்ல, அந்த 200 பேர்தான். அவர்களைச் சேர்க்கும் காலமே தொழில் பழகும் காலம்.

பழகும் காலத்தில் என்ன நடக்க வேண்டும்?

1988இல் நான் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை ஒன்றில் சேர்ந்தபோது முதல் மூன்று மாதம் துணி மடிப்பது மட்டுமே வேலை. எனவே ஆரம்பத்தில் கூட்டிப் பெருக்குவதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் அது ஒரு படி மட்டுமே. ஆறு மாதமாகியும் கையில் துடைப்பம் மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளை அங்கே சம்பளமில்லா வேலைக்காரன். படிகள் ஏறக்குறைய இப்படி அமைய வேண்டும்.

முதலாவது, கடையின் ஒழுங்கு. கருவிகளைத் துடைத்து எண்ணெய் இடுவது, தலை கழுவி விடுவது, வருகிறவரிடம் பேசுவது. "எப்படி வெட்ட?" என்று கேட்பது ஒரு கேள்வியே அல்ல. பக்கத்துக்கு எத்தனையாம் நம்பர், மேலே எவ்வளவு விட வேண்டும், போன முறை வெட்டியதில் என்ன பிடிக்கவில்லை என்று கேட்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, மெஷின். ஒன்றாம் நம்பர் தடுப்பு 3 மில்லிமீற்றர், இரண்டு 6, மூன்று ஏறக்குறைய 10, நான்கு ஏறக்குறைய 13. இந்த அளவுகள் கைக்குப் பழகிய பிறகுதான் கீழே மெலிதாகத் தொடங்கி மேலே கோடு தெரியாமல் கலக்கும் 'ஃபேட்' வெட்டுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, சீப்பும் கத்தரிக்கோலும். இதைத் தாண்டிப் போகும் பிள்ளைகள் இன்று அதிகம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். மெஷின் மட்டும் தெரிந்தவர் கைகட்டி உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், கத்தரிக்கோல் தெரிந்தவர் கதவைத் திறந்து வெளிச்சத்தில் வேலை செய்தார். தலையின் சுழியைப் பார்ப்பதும் இங்கேதான் பழக வேண்டும். சுழி உள்ள இடத்தில் அதிகம் குறைத்தால் முடி எழும்பி நிற்கும். சுருட்டை முடி ஈரத்தில் நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். அதற்கு இடம் விட்டு வெட்ட வேண்டும்.

நான்காவது, சவரமும் சாயமும். பிழை நடந்தால் உடம்புக்குக் கேடு என்பதால் இவை கடைசியில் வருகின்றன.

வாரத்தில் கூட்டம் குறைந்த ஒரு மத்தியானத்தைப் பயிற்சிக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். மச்சான்மார், கூட்டாளிமார் தலையை இலவசமாகக் கொடுப்பார்கள். பாஸ் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினால் மட்டுமே அது பயிற்சி.

சுத்தம்: கடை மூடப்படுவதும் நிலைப்பதும் இதனால்தான்

ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட், அதுவும் அவர் கண் முன்னே உறை பிரித்துப் போட வேண்டும். மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பீ, சீ கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் இரத்தத்தால் பரவக்கூடியவை. ஒரு பிளேட்டின் விலையை மிச்சம் பிடிக்கும் கடையில் பிள்ளையை விடாதீர்கள். தலையில் படர்தாமரை உள்ள ஒருவருக்குப் போட்ட மெஷினைத் துடைக்காமல் அடுத்தவருக்குப் போட்டால் அதுவும் தொற்றும். மெஷின் பற்களில் உள்ள முடியைத் தூரிகையால் தட்டி, 70 வீத ஸ்பிரிட்டால் துடைக்கும் பழக்கம் முதல் மாதத்திலேயே வர வேண்டும்.

கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பீ.பீ.டி. என்ற இரசாயனம் உண்டு. கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் சிலவற்றிலும் அது கலந்திருக்கும். சிலருக்கு அது ஒத்துவராமல் முகமே வீங்கிவிடும். 48 மணித்தியாலம் முன்னரே காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். சாயத்துடன் கலக்கும் பெரொக்சைட்டில் 20 வால்யூம் என்றால் 6 வீதம், 30 என்றால் 9 வீதம், 40 என்றால் 12 வீதம். இந்த வித்தியாசம் தெரியாதவரின் கையில் தலைத்தோல் வெந்துவிடும். சாயம் போடுகிறவரும் கையுறை அணிய வேண்டும். பழகும் காலத்திலேயே கையில் சொறி வந்து தொழிலை விட்டவர்கள் உண்டு.

எழுத்தில் இருக்க வேண்டும்

நம் ஆட்களுக்கு வாய்ப் பேச்சு போதும். பிள்ளையின் எதிர்காலத்துக்கு அது போதாது.

முதலில் வயது. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே பாடசாலைதான்.

அடுத்தது, நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை. கடையில் வேலை செய்துகொண்டே தொழில் பழகுவதற்கு அங்கே பதிவு செய்யலாம். என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஏற்கெனவே பல வருடம் வேலை செய்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே, தம் வேலையைப் பரீட்சகரிடம் செய்து காட்டிச் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. என் மருமகன் அப்படித்தான் நான்காம் மட்டத்தை எடுத்தான். கடிதம்கூட இல்லாமல் போன மூன்று வருடத்துக்கு அன்றுதான் ஒரு தாள் கிடைத்தது.

ஜேர்மனியில் இந்தத் தொழிலுக்கு மூன்று வருடப் பயிற்சி. கடையில் வேலை, இடையே தொழிற்பாடசாலை, முடிவில் பரீட்சை. சொந்தக் கடை திறப்பதற்குப் பொதுவாக மாஸ்டர் பரீட்சையும் தேற வேண்டும். அங்கே இது ஒளித்துச் சொல்லும் வேலை அல்ல.

கடைக்காரருடன் செய்யும் ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். எத்தனை காலம், எந்த மாதத்தில் எந்த வேலை, கைச்செலவு எவ்வளவு, எப்போது கூலி தொடங்கும், விடுமுறை எது, விலகும்போது அனுபவக் கடிதம் உண்டா? இந்த ஆறும் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். மாதச் சம்பளம் தொடங்கியதும் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3 வீதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பங்கா, கதிரை வாடகையா?

தொழில் பழகி முடிந்ததும் இரண்டு வழி வரும். ஒன்று, வரும் காசில் பாதிப் பங்கு. மற்றது, கதிரையை மாத வாடகைக்கு எடுத்து மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்வது.

கதிரை வாடகை 40,000 என்று வைப்போம். மாதம் 130,000 உழைத்தால் பாதிப் பங்கில் 65,000 கிடைக்கும், வாடகையில் 90,000 மிஞ்சும். ஆனால் 65,000 மட்டும் உழைத்தால் பங்கில் 32,500, வாடகையில் 25,000 மட்டுமே. 80,000 என்ற இடத்தில் இரண்டும் சமம். பிளேட், சாயம், துவாய்ச் செலவை வாடகைக்காரரே பார்க்க வேண்டும் என்றால் அந்தச் சமப்புள்ளி இன்னும் மேலே போகும். ஆகவே வாடிக்கையாளர் சேரும் வரை பங்கு, சேர்ந்த பின் வாடகை. சொந்தக் கடை அதற்கும் பிறகு. 2020இல் ஊரடங்கால் சலூன்கள் மூடிக் கிடந்தபோது, கடன் வாங்கி அலங்காரம் செய்தவர்களே அதிகம் தடுமாறினார்கள். குறைந்தது ஆறு மாதக் கடை வாடகை கையில் இல்லாமல் சொந்தப் பலகை தொங்கவிட வேண்டாம்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை

"பழக்கிவிட்டால் வாடிக்கையாளரையும் கொண்டு போய்விடுவான்" என்று சலூன் முதலாளிமார் சொல்கிறார்கள். உண்மைதான், சிலர் போவார்கள். ஆனால் பழக்காமல் வைத்திருப்பவனும் போகத்தான் போகிறான், மனக் கசப்போடு போவான். நியாயமான பங்கு கிடைக்கிறவனுக்கு அவசரமாக வெளியேறக் காரணம் இல்லை. வாடிக்கையாளரின் பெயரையும் வெட்டும் அளவையும் கடைக் கொப்பியில் எழுதி வைத்தால் ஒருவர் போனாலும் கடை போகாது. பழக்கிய பாஸின் பெயரைச் சொல்லிக்கொண்டு நாலு ஊரில் நாலு பேர் கடை நடத்துவது அவருக்குக் கெட்ட பெயர் அல்ல.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: "மகனைக் கூட்டிக்கொண்டு இரண்டு, மூன்று சலூனுக்குப் போங்க. வெள்ளிக்கிழமை காலையில, ஜும்ஆவுக்கு முன்னால கூட்டம் நிற்கிற நேரத்துல ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பாருங்க. பிளேட் மாத்துறாங்களா, பழகுற பையன் கையில என்ன இருக்கு, பாஸ் அவனோட எப்படிப் பேசுறார், வந்த ஆள் கண்ணாடி பார்த்துட்டு என்ன முகத்தோட போறார் என்று கவனிங்க. பிறகு எழுதித் தருவீங்களா என்று கேளுங்க."

மூன்று நாளைக்கு முன் அவர் தொலைபேசியில் பேசினார். "நானா, வேலை நல்லா இருக்கிற கடை ஒண்டு பார்த்தோம். ஆனா எழுதித் தர ஏலாதாம்."

"அப்படியென்றால் அடுத்த கடைக்குப் போங்க. நீங்களும் கூடப் போங்க" என்றேன்.

நான் அன்று போகவில்லை. இப்போது என் தலையை வெட்டுவது என் மருமகன்தான். ஒவ்வொரு முறையும் கதிரையில் உட்காரும்போது எனக்கு அந்த ஐந்து வருடம் ஞாபகம் வருகிறது. அவன் ஒன்றும் சொல்வதில்லை. "மாமா, பக்கத்துக்கு இரண்டாம் நம்பர்தானே?" என்று மட்டும் கேட்பான்.