புவாத்தியே போகும் மருமகளுக்கு

காளவாசல், மதுரை.

அன்பு மருமகளே,

விசா கைக்கு வந்துவிட்டது என்று உன் அப்பா ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிவிட்டான். ஒரு கல்வியாண்டு முழுக்க பிரெஞ்சு ஊர் ஒன்றில் பரிமாற்ற மாணவியாக இருக்கப் போகிறாய். நம் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காதது இது. பெட்டியில் என்ன வைக்கலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் நிறைய உண்டு. இத்தனை வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் நான் சொல்ல நினைப்பது வேறு. போன நாளிலிருந்தே பேசு. தப்பும் தவறுமாகவாவது பேசு.

பிளஸ் டூவில் நீ பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. இங்கே நிறையப் பிள்ளைகள் அதற்காகத்தான் எடுக்கிறார்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அது உன் கண் படித்த பிரெஞ்சு. காது அதை இன்னும் கேட்கவே இல்லை. வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்திலும் ஒப்பிப்பாய். பஸ் டிரைவர் ஒரு வார்த்தை சொன்னால் திகைத்து நிற்பாய். முதலில் எண்களில் தொடங்கு. அங்கே டெலிபோன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். எழுபத்தைந்துக்கு அறுபதும் பதினைந்தும், தொண்ணூற்றாறுக்கு நான்கு இருபதும் பதினாறும் என்று ஓடும் அந்தக் கணக்கு தாளில் எளிது, காதில் விழும்போதுதான் சிக்கும். கிளம்புவதற்குள் தினம் பத்து நம்பராவது கேட்டு எழுதிப் பழகு. வாடகை, ரயில் நேரம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடைக்குள் நுழைந்தாலும், பஸ்ஸில் ஏறினாலும், ஆபீஸ் கவுன்ட்டர் முன் நின்றாலும் முதலில் ‘போன்ழூர்’ சொல். பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்க வேண்டும். நம் ஊரில் கடைக்காரரிடம் நேரே ‘அண்ணே, அரைக் கிலோ தக்காளி’ என்பது மரியாதைக் குறைவில்லை. அந்த ‘அண்ணே’யிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. அங்கே வணக்கம் சொல்லாமல் கேள்வியைத் தொடங்கினால் முகம் இறுகிவிடும். வெள்ளைக்காரர்கள் நம்மை மதிப்பதில்லை என்று ஊர் திரும்பிச் சொல்லும் சில பிள்ளைகளின் கதையைத் துருவிக் கேட்டால், பாதிக்குப் பாதி இங்கேதான் வந்து நிற்கும். மீதிப் பாதி உண்மையாகவே இருக்கலாம். அப்படி ஒன்று நடந்தால் மனதுக்குள் புதைக்காமல் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய்ச் சொல்.

அடுத்தது உன் பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. அங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பதால் அப்பா பெயர்தான் உன் குடும்பப்பெயர் ஆகும். அலுவலகத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நீதான் எழுந்து போக வேண்டும். கடிதமும் அந்தப் பெயருக்கே வரும், அதனால் தபால் பெட்டியில் அதை மறக்காமல் ஒட்டு. விசாவில் அச்சானது எதுவோ அதையே வங்கி, மருத்துவக் காப்பீடு, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து எழுது. ஓர் இடத்தில் முன்பின்னாக மாறினாலும் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

காகித வேலைகளை ஒத்திப்போடாதே. உன் நீண்டகால மாணவர் விசாவை, போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அங்கே தங்கும் உரிமையே சிக்கலாகிவிடும். அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர்கள் சேரக் கட்டணம் இல்லை. ஆனால் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு நகலும் கேட்பார்கள். அறைக்குக் குடியிருப்புக் காப்பீடு எடு. சாவி வாங்கும்போது சுவர்க் கீறல், குழாய்க் கசிவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவை. காலி செய்யும் நாளில் முன்பணம் திரும்புவது அதைப் பொறுத்தது.

புவாத்தியே பல்கலைக்கழகம் 1431-இல் தொடங்கியது. தத்துவ அறிஞர் தெகார்த் 1616-இல் சட்டப் பட்டம் பெற்றது அங்கேதான். பழைய ஊர் மேட்டில், ரயில் நிலையம் பள்ளத்தில். பெட்டியோடு இறங்கியதும் படி ஏற வேண்டியிருக்கும், ஆகவே சுமையைக் குறை. நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வேண்டாம். இறைச்சி, பால் பொருட்களை வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். பருப்புப் பொடியும் ரசப்பொடியும் போதும். மற்றதைப் பாரிஸில் வாங்கலாம். கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா சப்பல் பகுதியில், 1983-க்குப் பின் போரில் இடம்பெயர்ந்து வந்த ஈழத் தமிழர்கள் நிறையக் கடைகள் வைத்திருக்கிறார்கள். முருங்கைக்காய்கூடக் கிடைக்கும். எப்போதாவது போய்வா, வாராவாரம் ஓடாதே. வாரக்கடைசியில் ஊரில் இருந்தால்தான் உடன் படிப்பவர்கள் உன்னை எங்காவது கூப்பிடுவார்கள்.

காளவாசல் சிக்னலில் நடுராத்திரிக்கும் இட்லி கிடைக்கிற ஊரில் வளர்ந்தவள் நீ. அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டுதான்; சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கிவை. மத்தியானம் மாணவர் உணவகத்தில் சாப்பிடு. மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, நாலு பேரோடு தட்டை வைத்து உட்காரும் இடம் அதுதான்.

நவம்பரை நினைத்து இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நமக்கும் உனக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகும். டிசம்பரில் காலை எட்டரை தாண்டித்தான் விடியும், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். முதல் பரீட்சைத் தாள்களும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வரும். அங்கே 20-க்குத்தான் மார்க். 10 எடுத்தால் பாஸ், 14 என்றால் நன்று, 16-க்கு மேல் மிக நன்று. சென்டம் பார்த்துப் பழகிய நீ 12-ஐப் பார்த்து அழக் கூடாது. அந்த வாரங்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு வீடியோ காலிலேயே இருக்கத் தோன்றும். அம்மாவிடம் தினம் பேசு, ஆனால் நேரம் குறித்துப் பேசு. மாலை முழுவதையும் மதுரையில் கழித்தால் புவாத்தியேயில் உனக்கு ஒரு சிநேகிதியும் கிடைக்க மாட்டாள்.

மதுரை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் கோபுரத்தின் படத்தைக் காட்டியதோடு நிறுத்தாதே. நம் வையையையும் திருப்பரங்குன்றத்தையும் பாடும் பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் பிரான்சுவா குரோ, லியோன்காரர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1968-இல் அதை வெளியிட்டது. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார். அங்கே இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்களா என்று கேள். அந்தக் கேள்வியை நூலகரிடம் பிரெஞ்சில் கேட்பதே உனக்கு நல்ல பயிற்சி.

பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பை இந்த வாரமே முடித்துவிடு. போய் ஒரு மாதம் ஆனதும் எனக்கு ஒரு கடிதம் எழுது, பிரெஞ்சிலேயே எழுது. பிழை எத்தனை இருந்தாலும் நான் சிவப்பு மை தொட மாட்டேன்.

அன்புடன்,
அத்தை