வீட்டு நிழலில் ஒரு சிறு தொழில்: பன்னம் வளர்ப்பு



நமது வீடுகளில் அநேகமானவற்றின் பின்புறத்தில் வெயில் படாத ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. பலா மரத்தடி, கிணற்றடி, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான இடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். மிளகாய்க் கன்று நட்டால் காய்க்காது. ரோஜா வைத்தால் பூக்காது. பழைய தகரமும் உடைந்த வாளியும் போடத்தான் அந்த இடம் என்று விட்டுவிடுகிறோம்.

கண்டி மாவட்டத்தில் சிறியதொரு புடவைக் கடை நடத்தும் எனக்கும் வீட்டின் பின்னால் அப்படி ஓர் இடம் இருந்தது. 10 அடி அகலம், 12 அடி நீளம். 2016ஆம் ஆண்டு அதில் பன்னம் வளர்க்கத் தொடங்கினேன். பேர்ன் என்றும், சிங்களத்தில் மீவன என்றும் சொல்கிறோமே, அதே செடிதான். பூக்காது, காய்க்காது. ஆனால் வருடம் முழுவதும் பச்சையாக இருக்கும். இதை நம்பிக் கடையை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடையோடு சேர்த்துச் செய்யக்கூடிய சிறு தொழில் இது. அதைச் செய்யும் முறையையும், நடுவில் நான் விட்ட ஒரு பெரிய பிழையையும் இந்த வாரம் எழுதுகிறேன். அந்தப் பிழை, செடி வளர்க்காத வியாபாரிக்கும் பாடமாகும்.

எந்த இனத்தை எடுப்பது?

இலங்கையில் இயற்கையாக வளரும் பன்ன இனங்கள் 300க்கும் மேல். அவை எல்லாம் வியாபாரத்துக்கு உதவாது. புதிதாகத் தொடங்குபவர் மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

முதலாவது நெப்ரோலெப்பிஸ். தொங்கும் சாடிகளில் நீண்ட இலைகளோடு நாம் அடிக்கடி காண்பது இதுதான். பொஸ்டன் பேர்ன் இதில் ஒரு வகை. 1894இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்ட செடிகளுக்குள் இது கண்டெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. தாய்ச் செடியிலிருந்து நூல் போன்ற தண்டுகள் ஓடி, மண்ணைத் தொட்ட இடத்தில் புதிய கன்று பிடிக்கும். நமது சிறு பிழைகளையும் இது தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது பறவைக் கூட்டுப் பன்னம். அகன்ற இலைகள் நடுவிலிருந்து கூடு போல விரியும். வளர்ச்சி மெதுவானது. ஆனால் ஒரு செடிக்கு நல்ல விலை கிடைக்கும்.

மூன்றாவது லெதர்லீப். தோல் போன்று தடித்த, முக்கோண வடிவான இலை. இதில் செடியை விற்பதில்லை, இலையை வெட்டி விற்கிறோம். பூங்கொத்துக்கும் மணமேடை அலங்காரத்துக்கும் எடுக்கிறார்கள். வெட்டி நீரில் வைத்தால் இரண்டு வாரமளவில் பசுமை மாறாமல் இருக்கும். இது குளிர்ச்சியான மலைநாட்டுக்கு ஏற்றது. கொழும்பிலும் கிழக்கிலும் உள்ளவர்கள் நெப்ரோலெப்பிஸோடு தொடங்குவதே பாதுகாப்பு.

வாங்குவதற்கு முன் கண்ணால் பார்த்துப் பழகுவது நல்லது. 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பன்னங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. குடும்பத்தோடு போய் ஒரு மணி நேரம் அங்கே செலவழியுங்கள்.

இடமும் மண்ணும்

நிழல் என்றால் இருட்டு அல்ல. நடுப்பகலில் விளக்கில்லாமல் பத்திரிகை வாசிக்க முடிகிற அளவு வெளிச்சம் வேண்டும். காலை வெயில் சிறிது நேரம் பட்டால் குற்றமில்லை. உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். மரநிழல் இல்லாதவர்கள் 70 சதவீத நிழல் வலை கட்டலாம்.

மண் கலவைக்கு, கழுவிய தும்புச் சோறு இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி அல்லது ஆற்று மணல் ஒரு பங்கு. தும்புச் சோற்றில் உப்பு இருக்கக்கூடும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்த பிறகே பாவியுங்கள். இது தெரியாமல் நான் முதலில் வாங்கிய 20 செடிகளில் 7 இலை நுனி கருகிச் செத்தன.

நடும்போது வேர்த்தண்டை ஆழமாகப் புதைக்கக் கூடாது. லெதர்லீப்பின் வேர்த்தண்டு மண்ணின் மேலே படர வேண்டும். பறவைக் கூட்டுப் பன்னத்தின் நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சேறாகக் கூடாது. காலையில் ஊற்றுவது நல்லது.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். 2017இல் மட்டும் நமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு பதிவானது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் விதமாக வளவை வைத்திருப்பவர் நீதிமன்றம் போக நேரிடும்.

பசளை குறைவாகவே போதும். பொதியில் எழுதியுள்ள அளவில் பாதியை மாதம் ஒருமுறை கொடுக்கலாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது மரக்கறித் தோட்டங்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. என் பன்னங்கள் அந்தக் காலத்தைக் கூட்டெருவோடு மட்டுமே கடந்தன.

இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்போது வாங்கியவர் "பூச்சி பிடித்த செடியைத் தந்துவிட்டீர்கள்" என்று திருப்பிக் கொண்டு வருவார். அது பூச்சியல்ல, பன்னத்தின் வித்திப் பைகள். ஒழுங்கான வரிசையில் இருந்தால் வித்தி. தாறுமாறாகப் பரவி, நகத்தால் சுரண்டினால் கழன்று வந்தால் செதிற் பூச்சி. இதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பெருக்கும் முறை

மழை தொடங்கும் காலத்தில் செடியைப் பிரிப்பது சிறந்தது. பிரித்தெடுக்கும் ஒவ்வொரு துண்டிலும் வேரும் குறைந்தது மூன்று இலைகளும் இருக்க வேண்டும். பிரித்த பின் மூன்று வாரம் நன்றாக நிழலில் வைத்து எடுங்கள். பறவைக் கூட்டுப் பன்னத்தை இப்படிப் பிரிக்க முடியாது. அதன் சிறு கன்றுகளை நாற்றுமேடையிலிருந்து வாங்கி, வளர்த்து விற்பதே நமக்குச் சரி. வித்தியிலிருந்து முளைக்க வைக்கலாம்தான். ஆனால் விற்கும் பருவம் வர ஒரு வருடத்துக்கு மேல் செல்லும்.

முதலை விற்ற கதை

2020 தொடக்கத்தில் என்னிடம் 60 நெப்ரோலெப்பிஸ் தாய்ச் செடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஐந்து கன்றாவது தந்தது. அதாவது வருடத்துக்கு 300 கன்றுகள்.

மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் வந்தது. நோன்புப் பெருநாளுக்கென வாங்கிய புடவைகள் கடைக்குள் அடைபட்டன. வருடத்தில் நமக்குப் பிழைப்பே அந்த ஒரு மாதம்தான் என்பதைப் புடவை வியாபாரிகள் அறிவீர்கள். பெருநாள் பூட்டிய கடையோடு கழிந்தது. திகதி போட்டுக் கொடுத்த மூன்று காசோலைகள் மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தன.

ஜூன் மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். "நானா, தாய்ச் செடியையும் சேர்த்து எல்லாத்தையும் தாங்க. இப்பவே கைல சல்லி தாறன்" என்றார். உம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விதை நெல்லைக் குத்தி ஆக்கப் போறியா மகன்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன்.

அந்தப் பணம் ஒரு காசோலைக்குத்தான் போதுமாக இருந்தது. மற்ற இரண்டுக்கும் கொழும்பிலுள்ள மொத்த வியாபாரியிடம் பேசி, நிலைமையைச் சொல்லித் தவணை கேட்டேன். அவர் மறுபேச்சின்றித் தந்தார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் காசோலைக்கும் அவரிடம் கேட்டிருக்கலாமே! கடன் தந்தவரிடம் வாய் திறக்க வெட்கப்பட்டு, வருமானம் தரும் பொருளை விற்றிருக்கிறேன்.

அடுத்த மாதங்களில் வீட்டிலிருந்த சனங்கள் பூச்செடி வளர்க்கத் தொடங்கினார்கள். நாளாந்தம் ஆட்கள் கேட்டு வந்தார்கள். விற்க என்னிடம் ஒன்றும் இல்லை. மதில் மூலையில் தப்பிக் கிடந்த 6 செடிகளை வைத்து, ஒரு கன்றையும் விற்காமல் பெருக்கி, பழைய 60ஐ எட்ட இரண்டு வருடம் எடுத்தது. எட்டியபோது 2022இன் பொருளாதார நெருக்கடி. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்கள் செடி வாங்க வருவார்களா?

கணக்கில் நான் கற்றது

பன்னத்தின் வேர்த்தண்டு முதல். கன்றும் இலையும் இலாபம். இரண்டும் ஒரே சாடியில் இருப்பதால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது. இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை:

1. தாய்ச் சாடிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். எவர் என்ன விலை சொன்னாலும் அவை விற்பனைக்கில்லை.

2. புதிய கன்று பத்தில் ஒன்று பழைய தாய்ச் செடிக்குப் பதிலாகப் போகும். ஒன்று செத்ததாக எழுதப்படும். எட்டுத்தான் விற்பனைக்கு.

3. லெதர்லீப்பில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலை வெட்டுவதில்லை. அதிலும் முற்றிய கரும்பச்சை இலை மட்டும். இளம் இலை வெட்டியவுடன் துவண்டுவிடும், வாங்கியவரின் நம்பிக்கையும் போய்விடும்.

4. சாடி, கலவை, தண்ணீர், வாகனக் கூலி, நிழல் வலையின் வருடப் பங்கு, எனது நேரத்துக்கான கூலி எல்லாவற்றையும் கழித்த பிறகே இலாபம் என்று எழுதுகிறேன்.

விற்கும் பொருளையும் தொழிலுக்காக நிலையாக இருக்கும் பொருளையும் இப்படிப் பிரித்து எழுதினால் ஸகாத் கணக்குப் பார்ப்பதும் இலகுவாகும். அவரவர் நிலைமைக்குரிய சட்டத்தை ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

எங்கே விற்பது?

பூக்கடைகள், திருமண மண்டபங்கள், விடுதிகள், அலுவலகங்கள், தனியார் வைத்திய நிலையங்கள் எல்லாம் நமது வாடிக்கையாளர்களே. ஒரே ஓர் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். 2020இல் மண்டபங்கள் மூடப்பட்டபோது அவற்றை மட்டும் நம்பியவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். கலியாண வீடுகளுக்குச் சாடிகளை வாடகைக்குக் கொடுப்பது நல்ல வழி. முதல் நம் கையிலேயே இருக்கும். திரும்பி வந்த செடியை இரண்டு வாரம் ஓய்வாக வைத்துவிட்டு மீண்டும் அனுப்பலாம்.

ஏற்றுமதி ஆசை இப்போதே வேண்டாம். அதற்கு ஒரே தரத்தில், ஒரே அளவில், தவறாமல் கொடுக்க வேண்டும். வேரில் மண் இருக்கக் கூடாது. தாவர சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். உள்ளூரில் இரண்டு வருடம் ஒழுங்காகக் கொடுத்துப் பழகிய பிறகு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் ஆலோசனை பெறலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்காதீர்கள். ஒதுக்கக் காடுகளில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். மரப் பன்னங்களின் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. நாம் நடாத, நமக்குச் சொந்தமில்லாத பொருளை விற்று வரும் காசில் பரக்கத் எப்படி இருக்கும்?

சகோதரர்களே, கடைப் பெட்டியிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும்போதும், சரக்கு வாங்க வைத்த காசைக் கலியாணச் செலவுக்குத் திருப்பும்போதும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கை வைப்பது கன்றிலா, தாய்ச் செடியிலா? கஷ்ட காலத்தில் முதலைத் தொடுவதற்கு முன் கடன் தந்தவரிடம் வாய் திறந்து பேசுங்கள். நேர்மையாக நடந்த வியாபாரிக்குத் தவணை கிடைக்கும்.

தொடங்க விரும்புபவர்கள் 10 சாடிகளோடு தொடங்குங்கள். முதல் வருடம் ஒன்றையும் விற்காமல் பெருக்குங்கள். இரண்டாவது வருடம் அந்த நிழல் உங்களுக்கு வருமானம் தரும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.