இந்த மாதப் பாடம்: வெள்ளச் செய்தி கடைசி வீடு வரை போகணும்



2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, உபரி நீர் வருகிறது என்று எனக்குப் போனில் தகவல் வந்தது. அதை அப்படியே ஒரு குழுவின் ஊக்குநருக்கு அனுப்பிவிட்டு, என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அன்று அந்தப் போன் அவர் மகனிடம் இருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தவர்களும் மெயின் ரோட்டோடு போய்விட்டார்கள். படுகைத் தெருவின் கடைசி வீட்டு அக்காவுக்கு, வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. நடக்க முடியாத மாமியாரைத் தூக்கிக்கொண்டு கரை ஏறிவிட்டார். குழுக் கடனில் வாங்கிய நாலு ஆடும் போய்விட்டது.

"தகவல் வந்துச்சுங்கிறீங்களே மேடம், எனக்கு வரலையே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கன அடி என்றால் என்ன?

ஒரு கன அடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம். ஒரு லட்சம் கன அடி என்றால் நொடிக்கு இரண்டு லட்சம் குடம்! ஆனால் அது நம்ம தெருவுக்கு வருமா என்று செய்தியில் சொல்ல மாட்டார்கள். அது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். 2018-லும் 2022-லும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எந்தப் பாதை முதலில் மூழ்கியது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பஞ்சாயத்தில் பேசி, கரையிலிருந்தே தெரிகிற இடத்தில் மூன்று கோடு போடச் சொல்லுங்கள்.

பச்சை: கவனமாக இருக்கணும்.
மஞ்சள்: முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆடு மாடு முதலில் போகணும்.
சிவப்பு: ஒருவர் கூட வீட்டில் இருக்கக் கூடாது.

நல்லவாடு சொல்லும் பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். வீடும் படகும் போனாலும் மக்கள் உயிர் தப்பினார்கள். ஒரே ஒரு போன்தான்! அதை ஊருக்கே சொல்ல ஒரு ஏற்பாடு முன்பே இருந்தது. அதனால்தான் பிழைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. தனியாக இருப்பவர், நடக்க முடியாதவர், போன் இல்லாதவர் பெயர்களைப் பட்டியல் எடுங்கள். குழுவில் சேராத வீடுகளையும் விடாதீர்கள்.
2. ஒரு உறுப்பினருக்கு ஐந்து வீடு பொறுப்பு. அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதையும் எழுதுங்கள்.
3. கரண்டும் டவரும் போய்விடலாம். விசில், கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி எது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.
4. வி.ஏ.ஓ. நம்பர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 இரண்டையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
5. "சொல்லிட்டேன்" என்றால் போதாது. "வெளியே வந்துட்டோம்" என்ற பதில் திரும்பி வரணும்.
6. ஆடிக்கு முன்னால் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

நம் ஊரில் செய்தி கடைசியாகப் போய்ச் சேரும் வீடு எது? ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கதவை யார் தட்டுவது?

அந்தப் படுகைத் தெருவுக்கு இப்போது விசில் வைத்திருப்பவர் அந்தக் கடைசி வீட்டு அக்காதான்.