கடல் நுரை தரும் கணவாய்

நம்மில் மளிகைக் கடையும் நாட்டு மருந்துக் கடையும் வைத்திருப்போருக்குக் கடல் நுரை புதிய சரக்கு அன்று. கூண்டுப் பறவை வளர்ப்போர், பறவை கொத்துவதற்கென்று அதை வாங்கிச் செல்வர். அலையின் நுரை காய்ந்து இறுகியதே அது என்று நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஓட்டுக்கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு. மலாய்க்காரர் இப்பிராணியைச் 'சோத்தோங் கத்தாக்' என்பர். ஓட்டின் நுண்ணிய அறைகளிலுள்ள நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்தே அது கடலில் மிதக்கிறது, தாழ்கிறது.

விற்கும் பொருளின் சொந்தக்காரனைக் காண ஆசைப்பட்டு, சென்ற பள்ளி விடுமுறையில் மகனுடன் மெர்சிங் சென்று, பூலாவ் திங்கி என்னும் தீவுக்குப் படகேறினேன். (நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கடல் கொந்தளிக்கும், அம்மாதங்கள் ஆகா.)

முதல் நாள், மிதவைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்து நீரில் இறங்கினோம். படகுக்காரர் சுட்டிய இடத்தில் ஒரு கல்தான் தெரிந்தது. அந்தக் கல்லுக்குக் கண் இருந்தது! அவசரப்பட்டு நீந்திப்போய்க் கை நீட்டினேன். மேனி கறுத்தது; முன்கைகள் இரண்டு உயர்ந்தன; மையை உமிழ்ந்துவிட்டு மறைந்தது. "நீங்கள் துரத்தாமல் இருந்திருந்தால் இன்னும் பார்த்திருக்கலாம் அத்தா" என்றான் மகன். எனக்குப் பதில் இல்லை.

மறுநாள் இரண்டு பாக தூரம் தள்ளி, காலை அசைக்காமல் மிதந்தோம். கால் மணி நேரம் சென்றபின் அது நம்மைப் பொருட்படுத்தவில்லை. ஆங்கில 'டபிள்யூ' எழுத்தைப் போல் வளைந்த அதன் கண்மணியைக் கண்டோம். தோலிலுள்ள எண்ணற்ற நிறப் பைகளைத் தசைகள் விரித்துச் சுருக்குவதால் நொடிப் பொழுதில் நிறம் மாறுகிறது. இத்தனை வேஷம் போடும் கணவாய்க்கு நிறம் பகுத்தறியும் கண் இல்லையென்று ஆராய்ச்சியாளர் கூறுவது பெரும் விந்தை! அதற்கு இதயம் மூன்று, இரத்தம் நீலம்.

பொறுமையிலும் அது நமக்கு இளைத்ததன்று. 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உடனே கிடைக்கும் இறால் துண்டை விட்டுவிட்டு, விருப்பமான உயிர் இறாலுக்காகக் கணவாய்கள் 50 முதல் 130 விநாடி வரை காத்திருந்தன.

மூன்றாம் நாள் கண்டதே முக்கியமானது. ஒரு பெண் கணவாய், கிளைப் பவளத்தின் இடுக்கில் ஒவ்வொன்றாக முட்டைகளைச் செருகியது. ஆண் அருகே காவல் நின்றது. முட்டை பொரிய ஏறக்குறைய ஐந்தாறு வாரம் ஆகும். தாய் அடைகாப்பதில்லை, முட்டையிட்ட சில நாளில் மாண்டுவிடும். இவ்வினத்தின் ஆயுளே ஓரிரு ஆண்டுதான். ஆகவே இவ்வாண்டின் முட்டையே அடுத்த ஆண்டின் கணவாய்.

இதை மறந்தால் என்ன ஆகும்? இந்தியாவில் கர்நாடகக் கடலில் தென்னம்பாளைகளைக் கட்டி இறக்கி, முட்டையிட அங்கே கூடும் கணவாய்களைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் வழக்கம் பரவியது. பாளையை வெளியே எடுத்தால் முட்டைகளும் அழியும். இதனால் இனம் குறையும் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எச்சரித்தனர். விதை நெல்லைத் தின்ற குடும்பம் எப்படிப் பயிரிடும்?

நம் ஜொகூரில், 1994-ஆம் ஆண்டு ஆணையின்படி, மெர்சிங் தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. தீவுக்குச் செல்லும் சகோதரர்கள் பவளத்தை மிதியாமலும், முட்டையைத் தொடாமலும், பிராணியைத் துரத்தாமலும் காத்திருந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எனக்குப் பாடம் சொன்னவன் என் பிள்ளைதான்.