பூனை அடிக்கடி சத்தி எடுத்தால்

கொள்ளுப்பிட்டித் தொடர்மாடிகளில் வாசற்படி தாண்டாமலே வளரும் பூனைகள் நிறைய. வெளியே போகாத பூனைக்கு என்ன வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சத்திக்கான காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

1. துடைக்கமுன் ஒரு படம் எடுங்கள். வயிறு உள்வாங்கி, ஓங்காளித்து வந்தால் அது சத்தி. ஓங்காளிப்பே இல்லாமல், சாப்பிட்டது செரிக்காமல் உருளையாக வெளியே வந்தால் அவசரமாக விழுங்கியிருக்கலாம், அல்லது உணவுக்குழாயில் கோளாறு இருக்கலாம். மஞ்சள் நுரை பித்தம். நாளையும் நேரத்தையும் கடைசியாகத் தின்றதையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

2. அவசரமாகத் தின்னும் பூனைக்கு அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இரண்டு பூனைகள் இருந்தால் வேறு வேறு அறைகளில் வையுங்கள்.

3. புது உணவை 7 முதல் 10 நாட்களில், பழையதோடு கலந்து மாற்றுங்கள். மீன்குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சந்தையில் வாங்கிய மீனை உப்பு, தூள் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்துக் கொடுக்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துவராது.

4. பல்லி பிடிக்கிறதா என்று கவனியுங்கள். வெப்ப நாடுகளில் பல்லி வழியாக ஒரு தட்டைப்புழு பூனையின் ஈரலுக்கும் பித்தக்குழாய்க்கும் போய்ச் சேரும். சத்தி, பசியின்மை, மெலிவு வரும். முற்றினால் காதின் உட்புறமும் முரசும் மஞ்சளாகும். வழமையான பூச்சிக் குளிசை இதற்குப் போதாமல் போகலாம். ஆகவே பல்லி தின்னும் பூனை என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

5. தையல் நூல், றிபன், றப்பர் பட்டி எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டுங்கள். விழுங்கிய நூல் நாக்கின் அடியில் சிக்கி நிற்பதுண்டு. வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தாலும் இழுக்கக் கூடாது, குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

6. பனடோல் கொடுக்கவே வேண்டாம். ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும். பூச்செண்டில் வரும் லில்லியும் அப்படித்தான். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும்.

7. எப்போதாவது ஒரு மயிர் உருண்டை வந்தால் பயமில்லை, தினமும் சீப்பால் வாரிவிடுங்கள். வாரந்தோறும் சத்தி எடுத்தால் மயிர்மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள். நாட்பட்ட குடல் அழற்சி இப்படித்தான் கவனிக்கப்படாமல் போகிறது.

8. வயது 10ஐத் தாண்டியதென்றால் இரத்தப் பரிசோதனை அவசியம். நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைரொயிட், நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் அல்லது நீரிழிவு என்று சந்தேகிக்கலாம். பூனையைத் தூக்கியபடி தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்து மாதாமாதம் எழுதி வையுங்கள்.

9. ஒரே நாளில் பலமுறை சத்தி, இரத்தம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமை: இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள். வயிறு ஆறட்டும் என்று நாட்கணக்கில் பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்புப் படிந்து வேறு ஆபத்து வரும். போகும்போது படமும் கொப்பியும் கையில் இருக்கட்டும். கடைசியாகப் பூச்சிக் குளிசை கொடுத்த திகதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.