ஒரு போரும் ஒரு முன்பணமும்

ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போர் பாடத்தை முடித்த அன்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாரும் சமம்னு 1776லேயே எழுதிட்டாங்களே டீச்சர், அப்புறம் எப்படி அங்க அடிமைங்க இருந்தாங்க?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை, மூன்று பாடவேளைகளாக நீண்டது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் சமூக அறிவியல் கற்பிக்கும் நான், அந்த மூன்று வேளைகளில் கற்பித்ததையும் கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: கயிற்றில் காலக்கோடு

துணி உலர்த்தும் கயிறு ஒன்றை வகுப்பின் குறுக்கே கட்டினோம். ஏழு குழுக்களுக்கு ஏழு அட்டைகள் கொடுத்தேன்.

1850: தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம்.
1854: கான்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே முடிவு செய்யலாம் என்ற சட்டம். கான்சாஸில் ரத்தம் சிந்தியது.
1857: டிரெட் ஸ்காட் வழக்கு. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.
1859: ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கின் மீது ஜான் பிரவுன் நடத்திய தாக்குதல்.
1860 நவம்பர்: புதிய பகுதிகளுக்கு அடிமை முறை பரவக்கூடாது என்ற லிங்கனின் வெற்றி.
1860 டிசம்பர் 20: தென் கரோலினா ஒன்றியத்தை விட்டு விலகியது.
1861 ஏப்ரல் 12: சம்டர் கோட்டை மீது தெற்கத்தியர் பீரங்கித் தாக்குதல். போர் தொடங்கியது.

அட்டைகளை வரிசைப்படுத்தித் தொங்கவிட்ட பின், "எந்த அட்டையோடு இதை நிறுத்தியிருக்கலாம்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. "லிங்கன் அடிமைகளை விடுவிக்கத்தானே போர் தொடுத்தார்?" என்றான் ஒருவன். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 1861 மார்ச்சில் பதவியேற்றபோது, ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் தலையிட மாட்டேன் என்றே அவர் கூறினார். அடிமை முறை இருந்த 4 மாநிலங்கள் வடக்கோடு நின்றன. விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1 அன்றுதான்.

அப்படியானால் தெற்கு ஏன் பிரிந்தது? 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர். தெற்கின் பருத்தி வளம் அவர்கள் முதுகின் மேல் நின்றது. பரவவிடாமல் தடுத்தால் ஒருநாள் முறையே அழியும் என்று முதலாளிகள் அஞ்சினர். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்த பிறகே 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

இரண்டாம் பாடவேளை: நம் பக்கத்தில்

அமெரிக்கப் பருத்தி வருவது நின்றதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியாவை நோக்கித் திரும்பின. பருத்தி விலை ஏறியது. நம் மாகாணத்தில் திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பருத்திக்கும் கிராக்கி வந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. எங்கோ வெடித்த பீரங்கி நம் கரிசல் காட்டையும் தொட்டது என்றதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு கரும்பலகையில் நான்கு ஆண்டுகளை எழுதினேன். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டப்படி, ஒருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. 1950இல் அரசமைப்பின் 23ஆவது உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. 1976இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்தது.

"இங்க போர் நடக்கலையே, நாமதான் கெட்டிக்காரங்க" என்றான் ஒருவன். "1843லேயே ஒழிஞ்சிருந்தா 1976ல எதுக்கு டீச்சர் இன்னொரு சட்டம்?" என்று முதல்நாள் கேட்ட அதே மாணவி கேட்டாள். வகுப்பு அமைதியானது. அடிமை என்ற பெயர் போனபின்பும் பண்ணையாள், படியாள் என்று கடனால் கட்டுண்ட வாழ்க்கை தொடர்ந்ததை விளக்கினேன்.

மூன்றாம் பாடவேளை: எனக்கான பாடம்

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "பொங்கல் முடிஞ்சதும் செங்கல் சூளைக்குப் போறோம் டீச்சர். அப்பா முன்பணம் வாங்கிட்டார். அதுவும் அடிமையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிரவு 1976 சட்டத்தைப் படித்தேன். அடுத்த வகுப்பில், யாரையும் சுட்டாமல், எல்லோருக்கும் பொதுவாகப் பேசினேன். முன்பணம் வாங்குவது மட்டுமே கொத்தடிமை ஆகிவிடாது. அந்தப் பணத்துக்காகக் கூலி இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வேண்டியிருக்கிறதா? வேறு வேலைக்குப் போகத் தடையா? விரும்பிய இடத்துக்குச் சென்றுவரத் தடையா? தன் பொருளையோ உழைப்பின் பயனையோ சந்தை விலைக்கு விற்கத் தடையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கொத்தடிமை முறை. அப்போது அந்தக் கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை. வேலை வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் சொன்னேன்.

இந்த நான்கு கேள்விகளையும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். சில நாள் கழித்து அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "இவ படிச்சுக் காட்டினா டீச்சர். கணக்கு நோட்டு ஒண்ணு போட்டு, வாங்குறதையும் கழிக்கிறதையும் எழுதப் போறோம்" என்றார். பெண்ணை ஆயா வீட்டில் விட்டுச் செல்லச் சம்மதித்தார். ஐந்தாம் வகுப்புத் தம்பி உடன் போகிறான் என்றதால், சூளை அருகிலுள்ள பள்ளியில் சேர்க்க ஏதுவாக அவனது எமிஸ் எண்ணை எழுதிக் கொடுத்தோம். குடும்பம் சூளைக்குப் போவதை என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் மட்டும் இன்று வகுப்பில் இருக்கிறாள்.

சக ஆசிரியர்களுக்கு மூன்று சொற்கள். பொங்கலுக்கு முன்பே, இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கண்டறிந்து பெற்றோரிடம் பேசுங்கள். இப்பாடத்தை நடத்தும்போது எந்தக் குழந்தையையும் எடுத்துக்காட்டாக நிறுத்தாதீர்கள். கொத்தடிமை முறை என்று ஐயம் எழுந்தால் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவியுங்கள்; குழந்தை சிக்கியிருந்தால் 1098 எண்ணை அழையுங்கள்.

கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. 1861க்குப் பின்னால் 1976 என்ற அட்டையை மாணவர்களே எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் கயிறு கொஞ்சம் காலியாக இருக்கிறது.