கடலடிப் பாடம்

நுழையும்முன்

களக்காட்டுச் சிறுவர் பலர் நீச்சல் பழகுவது தலையணையின் குளிர்ந்த நீரில். மலையிலிருந்து இறங்கும் அந்நீர் பச்சையாறாக ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. பின்னர்ப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அவ்வளைகுடாவின் அடியில் முன்னோர் முத்தெடுத்தனர். இன்று அதே கடலடியில் சிலர் பவளம் நடுகின்றனர். எடுப்பதற்காக இறங்கிய கடலில் காப்பதற்காக இறங்கக் கற்ற வரலாறே இப்பாடம்.

மூச்சை அடக்கியவர்

தாமிரபரணி கடலோடு சேர்ந்த இடத்தில் பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் விளங்கியது. கொற்கை முத்து சங்கப் பாடல்களிலும் அயல்நாட்டார் குறிப்புகளிலும் இடம்பெற்றது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டதால், கொற்கை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் கடற்கரை மக்கள் ‘பார்’ என்று அழைத்தனர். குளிப்பவர் கனத்த கல்லில் காலை ஊன்றிக் கயிற்றின் துணையோடு பாரில் இறங்குவார். ஒரு நிமிட அளவே அடங்கி நிற்கும் மூச்சுக்குள் சிப்பிகளைக் கூடையில் திரட்டிக் கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் இருப்பவர் அவரை இழுத்துக்கொள்வார். அக்கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராகவே இருப்பார் என்று கடற்கரையில் கூறுவர். தமக்கையோ தங்கையோ கைம்பெண் ஆவதை எவரும் விரும்பார் அல்லவா? வழக்கத்தின் உண்மை எவ்வாறாயினும், ஓர் உயிர் மற்றொருவர் கையில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

இத்தொழில் நிலைக்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. அதன்பின், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிவியலாளர் அழகர்சாமி உள்ளிட்டோர் 1973இல் தூத்துக்குடிக் கடற்கரையில் செயற்கை முறையில் முத்து வளர்த்து வெற்றி கண்டனர். முத்து மீண்டது, முத்துக்குளிப்பு மீளவில்லை.

மூச்சை விடக் கற்றல்

1943இல் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் ஒரு கருவியை உருவாக்கினர். முதுகில் சுமக்கும் உருளையில் அடைத்த காற்றைச் சுற்றியுள்ள நீரழுத்தத்திற்கு ஏற்ப வாய்க்கு அளிப்பது அது. ஸ்கூபா முக்குளிப்பு உலகெங்கும் பரவ இக்கருவியே வழிவகுத்தது.

இதனைக் கற்பிக்கும் பயிற்றுநர் முதலில் கூறும் விதி, பழைய முத்துக்குளிப்பவர் கற்றதற்கு நேர்மாறானது: மூச்சை ஒருபோதும் அடக்காதே! கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகும். அங்கு நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால், அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே, மெல்ல எழுதலும் தொடர்ந்து மூச்சுவிடுதலும் உயிர்காக்கும் ஒழுக்கங்களாயின. காதில் வலி தோன்றும்முன் மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமன்செய்யவும் மாணவர் பழகுவர்.

நீருக்குள் பேச இயலாது, கையே மொழி. கட்டைவிரலை உயர்த்தினால் கரையில் ‘நன்று’ என்று பொருள். கடலுக்குள் ‘மேலே செல்வோம்’ என்று பொருள். ‘நலமா?’ என்று வினவும் பயிற்றுநருக்குக் கட்டைவிரலைக் காட்டும் புதிய மாணவர், பார்க்க வந்ததைப் பாராமலே மேலே அழைத்துச் செல்லப்படுவார்! ஒருவர் தனியே இறங்குவதும் இல்லை. இருவர் இணையாக இறங்கி, ஒருவர் மற்றவரின் காற்றளவைக் கண்காணிப்பர். மைத்துனர் பிடித்த கயிறு இங்குக் கண்ணாக மாறியிருக்கிறது.

இவற்றுள் கடலைக் காக்கும் கல்விக்கு நெருக்கமானது மிதவைக் கட்டுப்பாடு. மூழ்காமலும் எழாமலும் நீரிடையே நிற்கப் பழகாதவரின் ஒரு துடுப்புதை, பல்லாண்டு வளர்ந்த பவளக் கிளையை நொடியில் முறித்துவிடும். நிற்கத் தெரிந்தவருக்கே பார்க்கத் தெரியும்.

தெரிந்து தெளிவோம்

முக்குளிப்பவர் சுமக்கும் உருளையில் இருப்பது தூய உயிர்வளி என்று பலர் கருதுகின்றனர். பொழுதுபோக்கு முக்குளிப்பில் பெரும்பாலும் பயன்படுவது அழுத்தி அடைக்கப்பட்ட இயல்பான காற்றே. தூய உயிர்வளி சில மீட்டர் ஆழத்திலேயே நஞ்சாக மாறக்கூடும்.

எடுத்ததும் நட்டதும்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளம் கல்லன்று, நுண்ணுயிரிப் பாசிகளைத் தன் உடலில் குடிவைத்து வாழும் விலங்கு. எனினும், நெடுங்காலம் அது கல்லாகவே கருதப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்காகவும் கட்டடங்களுக்காகவும் தோணி தோணியாக வெட்டி எடுக்கப்பட்டது. அலையைத் தடுத்த அரண் போனபின் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருள் மூழ்கின. 1986இல் ஏறத்தாழ 16 எக்டேராக இருந்த வான் தீவு, 2014இல் 2 எக்டேர் அளவிற்குச் சுருங்கியது.

பவளத்தை எடுப்பதற்கு 2001இல் சட்டம் தடை விதித்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், பார் எவ்வளவு பெரிய அரண் என்பதைக் கடலோர மக்கள் நேரில் உணர்ந்தனர். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பார்களும் இறக்கப்பட்டன. ஆயினும், கடல் மிகையாக வெப்பமுறும் கோடைகளில் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறல் கடுமையாக இருந்தது. முக்குளித்து நட்டவரே முக்குளித்து அதன் வெளிறலையும் கண்டனர்.

காத்தல், அறிவியலாளர்க்கு மட்டும் உரியதன்று. கையில் துணி சுற்றிக் கடற்பாசி எடுக்கும் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டனர். அவர்களின் தலைவி இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் பன்னாட்டு விருதான சீக்காலஜி பரிசு வழங்கப்பட்டது.

மலையடியிலும் கடல்

களக்காட்டின் வாழைத்தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றால் ஆவதென்ன? எல்லாரும் கடலில் முக்குளிக்க இயலாது. அதற்குச் செலவும் மிகுதி. ஆனால், ஆறு எல்லாருக்கும் அருகில் இருக்கிறது. பாபநாசத்தில் நீராடுவோர் விட்டுச்செல்லும் துணிகளும் கரையோர நெகிழிகளும் வெள்ளம் வரும்போது கீழே புறப்படுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஆற்றில் கிடந்தவை எத்திசையில் செல்லும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலைக்காடு மண்ணைப் பிடித்து வைக்கிறது. கழிமுகத்து அலையாத்திக் காடு எஞ்சிய வண்டலை வடிகட்டுகிறது. இவ்விரண்டும் தளர்ந்தால் கடல்நீர் கலங்கும், கதிரொளி குன்றும், பவளத்தின் பாசி பட்டினி கிடக்கும்.

பவளத்தை ஆய்வோர் கடலடியில் அளவுநாடாவை விரித்து, அதன் கீழ் உயிருள்ளது எது, இறந்தது எது என்று நீர்ப்பலகையில் பென்சிலால் குறிக்கின்றனர். தாமிரபரணிப் படுகையிலும் 2011 முதல் ஆண்டுதோறும் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. விடியற்காலையில் கரையில் நின்று, பறவைகள் எழுந்து பறக்கும்முன் எண்ணி முடிக்க வேண்டும். மாணவரும் இதில் பங்கேற்கின்றனர். ஓசையின்றி நிற்றல், தொடாது பார்த்தல், கண்டதைக் கண்டவாறே எழுதுதல் என இங்குப் பழகுபவை யாவும் கடலடியில் தேவைப்படுபவையே.